புகையிரதம் அறையன்று

நாடகம், திரைப்படம் ஆகியன பற்றி எழுதுவோரிடையே நெடுங்காலமாக நிலைபெற்றுள்ள கருத்தொன்று உண்டு. புகையிரதப் பயணம் கதைக்கு மிகப் பொருத்தமான களம் என்பதும், புகையிரதப் பெட்டி ஓடுகின்ற ஓர் அறையாக இருப்பதே அதற்குக் காரணம் என்பதும் அக்கருத்தாகும். ஒருவரையொருவர் அறியாத பலர் அவ்வறையிற் சில மணி நேரம் அடைபட்டிருக்கின்றனர். இடையில் இறங்கிச் செல்ல வழியில்லை. ஆகவே மறைத்தவை வெளிப்படும், பகை முற்றும், காதல் அரும்பும், பெட்டியே சமுதாயத்தின் சிற்றுருவாகிவிடும் என்பர். நாடகப் பயிற்சிக் களங்களிலும் திரைப்பட இரசனை வகுப்புகளிலும் இது ஐயத்துக்கு இடமில்லாத உண்மைபோல ஒப்புவிக்கப்படுகின்றது. நாடகப் போட்டிக்கு எழுதப் புகும் மாணவன் நான்கு கதிரைகளை எதிரெதிராக வைத்து, ஒரு கிழவர், ஒரு வணிகர், ஒரு யுவதி, ஒரு புரட்சிக்காரன் என நால்வரை அவற்றில் இருத்தி, நாடு முழுவதையும் வண்டியில் ஏற்றிவிட்டதாகத் திருப்தியடைகின்றான். இக்கருத்தை மேலோட்டமானது என்று கூறிவிட்டு அப்பாற் செல்லுதல் தகாது. அது எதனைக் காட்டுகின்றது என்பதிலும் பார்க்க எதனை மறைக்கின்றது என்பதே கேட்கப்படவேண்டிய வினாவாகும்.

புகையிரதம் எவருக்கு அறையாக இருந்தது? பிரித்தானியாவின் தொடக்ககால இருப்புப் பாதைகளில் முதலாம் வகுப்புப் பெட்டிகள், குதிரை பூட்டிய பயண வண்டிகளை ஒன்றோடொன்று பொருத்தினாற்போல் அமைக்கப்பட்டன. ஒவ்வொரு கூறுக்கும் தனிக் கதவு இருந்தது. ஒரு கூறிலிருந்து அடுத்த கூறுக்குச் செல்லும் வழி இருக்கவில்லை. மூன்றாம் வகுப்பாரோ பெரும்பாலும் கூரையற்ற திறந்த வண்டிகளில் ஏற்றப்பட்டனர். மைலுக்கு ஒரு பென்னிக்கு மேற்படாத கட்டணத்தில், மழைக்கு ஒதுங்கக்கூடிய வண்டியொன்று நாளுக்கு ஒரு தடவையேனும் ஓடவேண்டும் என்பதற்கு 1844 இற் பாராளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. புகையிரதப் பயணத்தின் வரலாற்றை ஆராய்ந்து 1977 இல் நூல் வெளியிட்ட ஜேர்மானிய அறிஞர் வொல்ஃப்காங் ஷிவெல்புஷ், மூடிய கூறின் மௌனமும் அச்சமும் வசதி படைத்தோரின் அனுபவமே என்பதையும், கீழ் வகுப்பு வண்டிகள் பேச்சும் சிரிப்புமாய் இருந்தன என்பதையும் எடுத்துக்காட்டினார். ஆக, கதாசிரியர்கள் போற்றும் ‘அறை’ புகையிரதத்தின் இயல்பன்று. அது ஒரு வகுப்பாரின் இருக்கை அமைப்பு.

அவ்வகுப்பாரின் அச்சமே பிற்காலத்துக் கொலைக் கதைகளுக்கெல்லாம் வித்தாயிற்று. 1864 ஜூலையில், லண்டன் வடபகுதிப் பாதையில், முதலாம் வகுப்பிற் பயணஞ்செய்த வங்கி அலுவலர் தோமஸ் பிரிக்ஸ் தாக்கப்பட்டுத் தண்டவாளத்தருகே வீசப்பட்டார். பிரித்தானியப் புகையிரதத்தில் நடந்த முதற் கொலை எனக் கூறப்படும் இக்குற்றத்துக்காக ஃபிரான்ஸ் முல்லர் என்னும் ஜேர்மானியத் தையற்காரர் நியூயோர்க் வரை துரத்திப் பிடிக்கப்பட்டு, அவ்வாண்டு நவம்பரிலேயே தூக்கிலிடப்பட்டார். பயணிகள் ஆபத்தில் ஊழியருக்கு அறிவிப்பதற்கு வழி அமைக்கப்படவேண்டும் என்ற சட்டம் 1868 இல் வந்தது. தனவந்தர், அந்நியர், தப்பமுடியாத கூறு என்னும் மூன்றும் இங்கு ஒருங்கே காணப்படுகின்றன. இதே காலத்தில் வண்டிகளை இணைக்கும்போது நசுங்கியும் பாதை பழுதுபார்க்கும்போது மோதுண்டும் இறந்த தொழிலாளர் பலர். அம்மரணங்கள் எவருக்கும் மர்மக் கதையாகத் தோன்றவில்லை. அவற்றைச் செய்தவர் யார் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தமை காரணமாகலாம்.

மேடையில் இருப்புப் பாதை முதலிற் பெரும் வரவேற்புப் பெற்றபோது அது அறையாகத் தோன்றவில்லை என்பது கவனிக்கத்தக்கது. 1867 இல் நியூயோர்க்கில் அரங்கேறிய அகஸ்ரின் டேலியின் ‘அண்டர் த காஸ்லைட்’ என்னும் நாடகத்தில், போரில் ஒரு கையை இழந்த ஏழைச் சிப்பாய் ஒருவன் தண்டவாளத்திற் கட்டப்படுகின்றான். வண்டி நெருங்கிவர, பூட்டிய கொட்டகையின் கதவைக் கோடரியாற் பிளந்துகொண்டு வெளியேறும் பெண் அவனைக் காப்பாற்றுகின்றாள். மறு ஆண்டே டயன் பூசிக்கோல்ற் இக்காட்சியை லண்டன் நிலக்கீழ்ப் பாதைக்கு மாற்றி, ‘ஆஃப்ரர் டார்க்’ நாடகத்திற் பயன்படுத்தினார். அந்நாடகம் நியூயோர்க்குக்கு வந்தபோது டேலி வழக்குத் தொடுத்தார். வசனம் வேறாயினும் காட்சியின் நிகழ்ச்சித் தொடர் ஆசிரியரின் உடைமையே என்று 1868 இல் நீதிமன்றம் தீர்த்தது. பதிப்புரிமைச் சட்டம் கற்போர் இன்றும் படிக்கும் வழக்கு அது. வண்டி மோதவரும் காட்சிக்கே உடைமையாளன் இருக்கலாம் என்ற நிலை அங்கு பிறந்தது! நாடகம் என்ற வகையில் டேலியின் படைப்பு மிகையுணர்ச்சி மலிந்தது. அதனை எவரும் இன்று கொண்டாட வேண்டியதில்லை. ஆயினும் புகையிரதம் பல தொன் எடையுள்ளது, அது மனித உடலின் மேல் ஏறக்கூடியது, கட்டப்படுபவன் ஏழை என்னும் மூன்றையும் அம்மலிவு நாடகம் அறிந்திருந்தது. பின்னர் வந்த நாகரிகமான மர்மக் கதைகள் இம்மூன்றையும் மறந்தன.

திரைப்படமும் வெளியே நின்றே தொடங்கியது. 1895 டிசெம்பரில் லூமியர் சகோதரர் பாரிஸிற் காட்டிய முதற் படம் தொழிற்சாலையிலிருந்து வெளியேறும் தொழிலாளரைப் பற்றியது. அடுத்த ஆண்டின் தொடக்கத்திற் காட்டப்பட்ட லா சியோத்தா நிலையப் படத்திற் கமரா மேடையில், காத்திருப்போர் பக்கத்தில் நிற்கின்றது. வண்டி வருவதைக் கண்டு பார்வையாளர் அஞ்சி ஓடினர் என்னும் கதை எல்லா நூல்களிலும் உண்டு. அதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை எனப் பிற்கால ஆய்வாளர் காட்டிவிட்டனர். எனினும் அக்கதை சாகவில்லை. அங்கு வண்டியையும் நிலையத்தையும் பார்ப்பதைவிடத் தம் இனத்தவரான பார்வையாளரின் நடுக்கத்தை எழுதுவதே விமரிசகருக்கு உவப்பானது போலும். கமராவையும் பார்வையாளரையும் பெட்டிக்குள் ஏற்றியது வணிகம். 1905 அளவில் அமெரிக்காவிற் பரவிய ‘ஹேலின் சுற்றுலாக்கள்’ என்னும் காட்சிச்சாலைகள் புகையிரதப் பெட்டியின் வடிவில் அமைக்கப்பட்டிருந்தன. சீட்டுப் பரிசோதகர் வேடமிட்டவர் வாயிலில் நிற்பார், இருக்கை குலுங்கும், எதிரே திரையில் மலையும் ஆறும் விரையும். பார்வையாளன் பயணியாக்கப்பட்டான்; உலகு அவனது யன்னலுக்கு வெளியே ஓடும் காட்சியாயிற்று. அன்று அமர்ந்த இருக்கையிலிருந்து பெரும்பாலான கதாசிரியர் இன்னும் எழுந்திருக்கவில்லை.

ஆர்னல்ட் றிட்லியின் ‘த கோஸ்ற் ட்ரெயின்’ நாடகம் 1925 இல் லண்டனில் மேடையேறி அறுநூறுக்கும் மேற்பட்ட தடவை நடிக்கப்பட்டது. ஆளரவமற்ற சிறு நிலையத்தில் இரவில் தங்க நேர்ந்த பயணிகள் அங்கு ஓடும் பேய் வண்டியைப் பற்றிக் கேட்டு நடுங்குகின்றனர். ஈற்றில் அது ஆயுதம் கடத்தும் கும்பலின் வண்டியென்பது தெரியவருகின்றது. இந்நாடகத்தின் ஓசையமைப்பு வியக்கத்தக்கது. அதுபற்றிப் பின்னர் கூறப்படும். அந்நாடகம் ஓடிக்கொண்டிருந்த 1926 மே மாதத்திற் பிரித்தானியப் பொது வேலைநிறுத்தம் நடைபெற்றது. புகையிரதத் தொழிலாளர் அதில் முன்னணியில் நின்றனர். நாடெங்கும் வண்டிகள் நின்றன. வண்டியை ஓட்டுபவர் யார் என்பதை நாடு முழுவதும் அறிந்துகொண்ட அந்த நாட்களில், லண்டன் மேடையில் வண்டியைப் பேய் ஓட்டிக்கொண்டிருந்தது.

‘அறை’க் கோட்பாட்டின் முடிமணியாக எப்பொழுதும் காட்டப்படுவது அகதா கிறிஸ்ரி 1934 இல் எழுதிய ‘ஓரியன்ற் எக்ஸ்பிரஸ்’ கொலைக்கதை. 1974 இற் சிட்னி லூமெற்றும் 2017 இற் கென்னத் பிரனாவும் அதனைத் திரைப்படமாக்கினர். அதே 2017 இற் கென் லட்விக்கின் மேடை வடிவமும் அமெரிக்காவில் அரங்கேறியது. ஒரு கதை இவ்வளவு காலம் விலைபோவதற்குக் காரணம் உண்டு; அதன் பின்னல் செம்மையானது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அக்கதை உண்மையிற் புகையிரதப் பயணக் கதைதானா? யூகோஸ்லாவியாவில், வின்கோவ்சிக்கும் பிராட்டுக்கும் இடையே, பனியிற் சிக்கி வண்டி நின்றுவிடுகின்றது. கொலை தெரியவருவதும் விசாரணை நடப்பதும் நின்ற வண்டியிலேயே. புகையிரதம் புகையிரதமாக இருப்பதை நிறுத்தினால்தான் இக்கதை நடைபெறும்! அதனை ஒரு மலை விடுதிக்கு மாற்றினாலும் இழப்புப் பெரிதாக இராது. பனியை வெட்டி அகற்றவேண்டியவர் எவரும் கதைமாந்தராவதில்லை. வண்டிப் பொறுப்பாளர் மட்டும் முக்கியம் பெறுகின்றார். அதுவும் அவர் கொலையிற் பங்குகொண்ட பன்னிருவருள் ஒருவர் என்பதனால். தொழிலாளி ஒருவன் இக்கதைக்குள் நுழைவதற்கு, தன் தொழிலை விட்டுப் பிரபு குடும்பத்தின் துயரத்திற் பங்காளியாக வேண்டியிருக்கின்றது. இப்பெட்டியைச் ‘சமுதாயத்தின் சிற்றுரு’ என்போர், கலே வரை செல்லும் தூங்கும் பெட்டிக்குச் சீட்டு வாங்க வல்லவரே சமுதாயம் என்று கருதுகின்றனர் போலும்.

அல்பிரட் ஹிட்ச்கொக் 1938 இல் எடுத்த ‘த லேடி வானிஷஸ்’ இவ்வகைப் படங்களுள் மேலானது. முதிய பெண்ணொருத்தி ஓடும் வண்டியிற் காணாமற் போகின்றாள். அவளைக் கண்டவர்கள் ஒவ்வொருவரும் தத்தம் சுயநலத்தை முன்னிட்டுக் காணவில்லை என்கின்றனர். கிரிக்கெற் ஆட்டத்துக்கு நேரத்துக்குச் செல்லவேண்டும் என்பது இருவருக்கு; கள்ளக்காதல் வெளிப்படக்கூடாது என்பது வேறொருவருக்கு. மியூனிக் உடன்படிக்கை கைச்சாத்தான ஆண்டில் வெளிவந்த இப்படத்தில் அம்மௌனத்துக்கு இருந்த பொருளை அன்றைய பார்வையாளர் உணரத் தவறியிருக்கமாட்டார். அறை இங்கு பயனுடையதாகின்றது; ஏனெனின், அறைக்குள் இருப்போரின் அறைத்தன்மையே கண்டிக்கப்படுகின்றது. ஆயினும் ஓர் உண்மை எஞ்சுகின்றது. எஞ்சின் ஓட்டுவோர் இப்படத்திற் கவனம் பெறுவது அவர்கள் சுடப்படும் வேளையிலேயே. அதன் பின்னர் நாட்டார் இசை ஆராயும் கதாநாயகன் எஞ்சினை ஓட்டிச் செல்கின்றான். ஓட்டுவது எவருக்கும் கைவரும் தொழில் என்பது கனவான்களின் நம்பிக்கை.

அதே 1938 இற் பிரான்சில் ஜோன் றெனுவா, எமில் ஸோலாவின் 1890 ஆம் ஆண்டு நாவலைத் தழுவி ‘லா பேத் யுமேன்’ படத்தை எடுத்தார். பிரெஞ்சுப் புகையிரதங்கள் அவ்வாண்டின் தொடக்கத்திலேயே ஒரே தேசிய நிறுவனத்தின் கீழ்க் கொண்டுவரப்பட்டிருந்தன. படம் உலையின் நெருப்பிலிருந்து தொடங்குகின்றது. பாரிஸிலிருந்து லெ ஹாவ்ர் செல்லும் கடுகதி வண்டியின் எஞ்சினில் சாரதி லாந்தியேயும் கரி போடும் பெக்கேயும் நிற்கின்றனர். இரைச்சலில் எவர் பேச்சும் எவருக்கும் கேளாது. ஆகையால் அவர்கள் கைச்சாடையாலும் ஊதலாலும் பேசிக்கொள்கின்றனர். பாலம், சுரங்கம், வளைவு, நிலையம் எனச் சில நிமிடங்கள் வசனமின்றிச் செல்கின்றன. இருவரது உடல்களும் ஒன்றையொன்று அறிந்து இயங்குவதைத் தவிர அங்கு கதையென்று எதுவுமில்லை. ஆனாற் கண்ணெடுக்க முடியாது. நடிகர் ஜோன் கபான் எஞ்சின் ஓட்டப் பழகியபின்பே நடித்தார். கொலைவெறி இரத்தத்தில் வருவது என்ற ஸோலாவின் பரம்பரைக் கோட்பாடு இன்று எவரையும் திருப்திப்படுத்தாது. படத்தின் நலிந்த பகுதிகளும் அதிலிருந்தே பிறக்கின்றன. எனினும் தொழிலாற் பிணைந்த இருவரின் நட்பைப் புகையிரதத்தின் மெய்யான நாடகமாகக் கண்டது அப்படம். அறைக் கோட்பாட்டினர் ‘பயணிகளே இல்லாவிடின் கதை ஏது?’ என்பர். றெனுவாவின் முதற் சில நிமிடங்களே விடை.

மேடைக்கு இது இயலாது என்று ஒரு சாரார் வாதிடுவர். மேடைக்கு இடவொருமை வேண்டும், ஆகவே பெட்டியே அதற்கு உகந்தது என்பர். அவர்கள் வழக்கமாகச் சுட்டும் உதாரணம் லெறோய் ஜோன்ஸ் 1964 இல் நியூயோர்க்கில் மேடையேற்றிய ‘டச்மன்’. நிலக்கீழ் வண்டியின் பெட்டியில் வெள்ளைப் பெண்ணொருத்தி கறுப்பின இளைஞன் ஒருவனைச் சீண்டிச் சீண்டி ஈற்றிற் குத்திக் கொல்கின்றாள். இந்நாடகம் அவர்களின் வாதத்தையே உடைக்கின்றது. நிலையந்தோறும் கதவு திறக்கின்றது, பயணிகள் ஏறுகின்றனர், ஏறியவர்களே பிணத்தை வெளியே வீச உதவுகின்றனர், அடுத்து மற்றோர் இளைஞன் ஏறி வருகின்றான். அடைபட்டமையால் நேர்ந்த விபத்தன்று அக்கொலை. பாதை நெடுகிலும் மீள மீள நிகழும் ஒழுங்கு. அமெரிக்காவில் நிறப்பிரிவினையை அரை நூற்றாண்டுக்கு மேலாகச் சட்டபூர்வமாக்கிய 1896 ஆம் ஆண்டுத் தீர்ப்பும் புகையிரதப் பெட்டியிலேயே பிறந்தது. 1892 இல் லூயிசியானாவில் வெள்ளையருக்கான பெட்டியில் அமர்ந்த ஹோமர் பிளெசி கைதுசெய்யப்பட்ட வழக்கு அது. மறு ஆண்டு தென்னாபிரிக்காவிற் பீற்றர்மரிற்ஸ்பேர்க் நிலையத்தில் காந்தி முதலாம் வகுப்பிலிருந்து இறக்கப்பட்டார். பெட்டி எல்லோரையும் ஒருங்கே அடைத்து வைக்கின்றது என்போர், அதன் கதவில் நின்று ஆட்களைப் பிரித்தவரை மறந்துவிடுகின்றனர்.

இந்தியத் திரையிற் சத்யஜித் ரேயின் படைப்புகள் இவ்விடத்தில் விரிவாக நோக்கத்தக்கவை. ஏனெனின் இரு பார்வைகளும் அவரிடம் உள்ளன. ‘பதேர் பாஞ்சாலி’யில் (1955) வெண்ணிறப் பூக்கள் அடர்ந்த வெளியினூடே துர்க்காவும் அப்புவும் வண்டியைக் காண ஓடுகின்றனர். துர்க்கா இடறி விழ, அப்பு மட்டும் பாதையை அடைகின்றான். ஓடும் சக்கரங்களுக்கு அப்பால், இடைவெளிகளினூடே சிறுவன் தெரிகின்றான். வண்டிக்குள் இருப்போர் எவரென்று படம் கூறுவதில்லை. அது அக்கிராமத்துக்குத் தேவையுமில்லை. அவ்வூருக்கு அருகாற் செல்லும் வண்டி அங்கு நிற்பதில்லை என்பதே பொருள். வறுமையால் ஊரைவிட்டுப் புறப்படும் குடும்பம் ஈற்றில் ஏறுவதும் மாட்டுவண்டியில்தான். ‘அபராஜித’வில் (1956) வண்டி மகனைக் கல்கத்தாவுக்குக் கொண்டுபோய்விடுகின்றது, நோயுற்ற தாய் தொலைவிற் செல்லும் வண்டியைப் பார்த்தபடி முற்றத்தில் அமர்ந்திருக்கின்றாள். ‘அபுர் சன்சார்’ (1959) படத்திலோ அப்பு குடியிருக்கும் வாடகை அறை பாதையை ஒட்டியுள்ளது. ஊதலொலி தாங்காமல் இளம் மனைவி காதைப் பொத்துகின்றாள். அதிசயமாகத் தொடங்கிய வண்டி பிரிவாகி, பின்னர் மலிந்த வாடகைக் குடியிருப்பின் இரைச்சலாகின்றது. மூன்று படங்களிலும் அது ஒரே வண்டிதான். பார்ப்பவர் நிற்கும் இடமே மாறுகின்றது. வங்காளக் கிராமமொன்றின் வரலாறு ஒரு பெட்டியின் உட்புறத்தையும் நம்பாமல் இங்கு எழுதப்பட்டுள்ளது.

பத்தாண்டு கழிந்து, ‘நாயக்’ (1966) படத்தில் ரே கமராவைப் பெட்டிக்குள் கொண்டுசென்றார். விருது பெறுவதற்காகத் தில்லிக்குச் செல்லும் நட்சத்திர நடிகனிடம் உணவுப் பெட்டியில் இளம் பத்திரிகையாளர் ஒருத்தி பேட்டி காண்கின்றாள். பன்சி சந்திரகுப்தா ஸ்ரூடியோவில் அமைத்த பெட்டி மெய்யானதோ என மயங்கச் செய்வது. விமரிசகர் இதனையே ரேயின் புகையிரதப் படமாகப் போற்றுவர். இங்கும் ‘சமுதாயத்தின் சிற்றுரு’ என்ற சொல் தவறாமல் வந்துவிடும். ரே அவ்வாறு கூறவில்லை. உணவுப் பெட்டியிலும் குளிரூட்டிய கூறிலும் காணப்படுவோர் தொழிலதிபரும் விளம்பர முகவரும் அவர்களை அண்டிப் பிழைப்போருமே என்பதை அவர் நன்கறிவார். படத்தில் வேலைநிறுத்தம் செய்யும் தொழிலாளர் ஒரே ஒரு தடவை தோன்றுகின்றனர். அதுவும் நாயகனின் நினைவில். தொழிற்சங்கவாதியான பழைய நண்பன் அவர்களிடம் பேசுமாறு அழைத்தபோது, பெயர் கெட்டுவிடும் என அஞ்சி நாயகன் அங்கிருந்து போய்விடுகின்றான். கண்ணாடி யன்னல்களுக்குள் அவன் அமர்ந்திருப்பதன் விலை அக்காட்சியில் இருக்கின்றது. படைப்பாளி குறைகூறும் அறையை விமரிசகர் உலகமென்று வாசிப்பது ரேயின் குற்றமன்று.

1974 மே மாதத்தில் இந்தியப் புகையிரதத் தொழிலாளர் ஏறத்தாழ 17 இலட்சம் பேர் இருபது நாட்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அரசு அதனைக் கடுமையாக நசுக்கியது. லூமெற்றின் பனியிற் புதைந்த வண்டி உலகத் திரைகளுக்கு வந்ததும் அவ்வாண்டிலேயே. இந்தியாவில் அவதார் கிருஷ்ண கௌலின் ‘27 டவுன்’ என்ற கறுப்பு வெள்ளைப் படமும் அதே காலத்தது. புகையிரத ஊழியரான தந்தையின் கட்டாயத்தால் ஓவியக் கல்வியைக் கைவிட்டுச் சீட்டுப் பரிசோதகனாகும் இளைஞன் அதன் நாயகன். பம்பாயிலிருந்து காசி செல்லும் வண்டி அவனுக்குப் பயணமன்று. வேலை, வீடு, சிறை மூன்றும் அதுவே. எல்லோரும் எங்கோ போய்க்கொண்டிருக்கும் வண்டியில் எங்கும் போகாதவன் ஊழியனே என்ற எளிய உண்மையைக் காண ஒருவருக்கு இவ்வளவு காலம் பிடித்தது. கௌல் அவ்வாண்டே இளவயதில் இறந்தமை இந்தியத் திரைக்கு நேர்ந்த பேரிழப்பு. தமிழ்த் திரைப்படங்களைப் பற்றிச் சுருக்கமாகவே கூறலாம். பாரதிராஜாவின் ‘பதினாறு வயதினிலே’ (1977) படத்தில் நிலையத்திற் காத்திருக்கும் மயிலும், மட்டக்களப்பிற் பிறந்த பாலு மகேந்திராவின் ‘மூன்றாம் பிறை’யின் (1982) ஈற்றில் வண்டியைத் துரத்தி ஓடும் சீனுவும் மனத்தில் நிற்கக் காரணம், இருவரும் வண்டிக்கு வெளியே நிற்பதே.

வண்டியில் ஏறுவோர் யாவரும் தம் விருப்பப்படி ஏறியவர் என்பது அறைக் கோட்பாட்டின் சொல்லப்படாத அடிப்படை. இருபதாம் நூற்றாண்டு அதனை அனுமதிக்காது. குளோட் லான்ஸ்மனின் ஒன்பது மணிநேரத்துக்கு மேற்பட்ட ‘ஷோவா’ (1985) ஆவணப்படத்தில், திரெப்ளிங்கா கொலைமுகாமுக்கு யூதர்களை ஏற்றிய வண்டிகளை ஓட்டிய போலந்துச் சாரதி மீண்டும் ஓர் எஞ்சினின் பக்கவாட்டிற் சாய்ந்து, பின்னால் வரும் பெட்டிகளின் திசையைப் பார்க்கின்றார். பெட்டிக்குள் என்ன நடந்தது என்பதை லான்ஸ்மன் நடித்துக் காட்ட மறுத்தார். ஓட்டியவரின் முகமே சான்று. எம். எஸ். சத்யுவின் ‘கரம் ஹவா’ (1973) பிரிவினைக் காலத்து ஆக்ரா நிலையத்தில், உறவினரை வழியனுப்பி நிற்கும் சலீம் மிர்ஸாவிலிருந்து தொடங்குகின்றது. இலங்கையிலும் 1958 மே மாதத்திற் பொலன்னறுவை நிலையத்தில் வண்டிகளில் தமிழர் தேடப்பட்டனர். ஏறாவூருக்கு அருகே வண்டி தடம்புரளச் செய்யப்பட்டது. பெயரைக் கேட்டு வாயிலில் ஒருவன் நிற்கும்போது பெட்டியைப் பாதுகாப்பான அறையென்று எவர் கூறுவார்?

இத்தீவின் புகையிரத வரலாற்றில் நாடகமாசிரியன் கற்கவேண்டியது அறையினுள் இல்லை. 1864 இல் அம்பேபுஸ்ஸவுக்கும் 1867 இற் கண்டிக்கும் பாதை போடப்பட்டது கோப்பித் தோட்டங்களின் பொருட்டு. அத்தோட்டங்களுக்கு உழைக்க வந்த தமிழர் மன்னார்க் கரையிலிருந்து காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்து வந்தனர். பலர் வழியிலேயே மாண்டனர். பின்னர் தேயிலைக்காகப் பாதை நானு ஓயாவுக்கும் (1885), 1924 இற் பதுளைக்கும் நீண்டது. தலைமன்னார்ப் பாதை 1914 இல் திறக்கப்பட்டு, கப்பலோடு இணைந்து இந்தியாவுக்கு வழியாயிற்று. 1948 இற் குடியுரிமை பறிக்கப்பட்ட மலையக மக்களுள் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்றும் 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்குவதென்றும் 1964 ஒக்டோபரில் இரு அரசுகளும் கணக்கிட்டுக்கொண்டன. எண்களைப் பேசியவர் குடும்பங்களைப் பேசவில்லை. ஆண்டுக்கணக்காக மலைநாட்டு நிலையங்களிலிருந்து மக்கள் கோச்சி ஏறித் தலைமன்னாருக்குச் சென்று, அங்கிருந்து இராமேஸ்வரத்துக்குக் கப்பலேறினர். 1984 அளவிற் கப்பல் நின்றபோதே அவ்வோட்டமும் நின்றது. தேயிலைப் பெட்டிகளைக் கீழிறக்கிய பாதையே கொழுந்து பறித்தவர்களையும் கீழிறக்கியது. முன்னோர் நடந்து வந்த கரைக்கே பேரப்பிள்ளைகளைக் கொண்டு சேர்த்தது.

இப்பயணத்தை நான்கு கதிரைகளில் அமைக்கும் நாடகாசிரியன் என்ன செய்வான்? பெட்டிக்குள் ஒரு கிழவி அழுவாள். ஓர் இளைஞன் அரசைச் சாடுவான். அருகிலிருக்கும் அரச அலுவலர் ஈற்றில் மனம் கசிவார். அறை இருக்கும்வரை இம்மனக்கசிவைத் தவிர்க்க முடியாது. ஒருங்கே அடைபட்டவர் இணங்கிவிட வேண்டுமென்பது அதன் விதி. ஆனால் அந்த நாட்களின் நாடகம் அட்டனிலும் நாவலப்பிட்டியிலும் நிலையத்தின் மேடையில் நடந்தது. ‘மேடை’ என்னும் சொல் தமிழில் இரண்டுக்கும் ஒன்றாக இருப்பது எழுதுவோருக்கு வாய்த்த வசதி. தங்க அனுமதி பெற்ற அண்ணன் மேடையில்; அனுமதி பெறாத தம்பி வண்டியில். கொடியசைக்கும் ஊழியருக்கு வேறு வேலை இல்லை. நேர அட்டவணை இருந்தது. எஞ்சினைச் செலுத்தியவர் ஏற்றிச் செல்வது எவரை என்பதை அறிந்தே செலுத்தினார்.

மேடையில் வண்டியைக் கொண்டுவர முடியாது என்ற கடைசித் தடை எழுப்பப்படலாம். றிட்லியின் நாடகத்தில் வண்டி ஒருபோதும் மேடைக்கு வரவில்லை. திரைக்குப் பின்னால் சிலர் இடியோசைத் தகட்டை அசைத்தனர், தோட்ட உருளையை மரச்சட்டங்களின் மேல் உருட்டினர், முரசு கொட்டினர், ஊதல் ஊதினர், யன்னலுக்கு வெளியே விளக்கொளி ஓடியது. பார்வையாளர் வண்டியைக் கண்டதாகவே எண்ணினர். பேய் வண்டிக்கு 1925 இல் இயன்ற இச்சிக்கனம் தலைமன்னார் வண்டிக்குப் போதும். தகரப் பெட்டிகளும் பாய்ச்சுருள்களும் அடுக்கிய ஒரு மேடை, அதன் விளிம்பில் நிற்போர், பக்கத் திரைக்கு அப்பால் இழுபட்டு நகரத் தொடங்கும் இரும்பின் ஓசை. அவ்வோசை தேய்ந்து மறைந்த பின்னரும் மேடையில் நிற்போர் வீடு திரும்ப எடுத்துக்கொள்ளும் நேரம்.